ஆறுதல் கடன்

ஆய்க்குடி முருகன் கோயில் மண்டபத்தில் அன்று என் அம்மா இருந்தாள், அப்பா இருந்தார். தங்கை லட்சுமியும் அவள் வீட்டுக்காரரும் இருந்தார்கள், சுரண்டையிலிருந்து ஒரு வேன் நிறைய அவர் சொந்தக்காரர்களும் வந்திருந்தார்கள். காது குத்துவதற்கு ஆசாரி வந்திருந்தார். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு, எதற்காக இத்தனை பேர் தன்னையே பார்க்கிறார்கள் என்று புரியாமல் விழித்தபடி, ஒரு வயது யாழினி இருந்தாள். என் நண்பன் இசக்கி இருந்தான். யாழினியின் ஒரே தாய்மாமனாகிய நான் இல்லை. அடியோடு இல்லை என்றும் சொல்ல முடியாது. சீர்த்தட்டில் இருந்த வாழைப்பழச் சீப்பின் மேல் ஒரு செல்போனைச் சாய்த்து வைத்திருந்தார்கள். அதற்குள் இருந்தேன்.

இங்கே கவென்ட்ரியில் அப்போது காலை ஐந்தரை. நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தின் உடைமாற்றும் அறையில், சீருடைச் சட்டைக்குள் ஒரு கையை மட்டும் நுழைத்தபடி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மறு கையில் போன் இருந்ததால் சட்டை முழுதாக ஏறவில்லை. பாதி நேரம் மண்டபத்தின் கூரைதான் தெரிந்தது. மீதி நேரம் ஒரு வாழைப்பழத்தின் காம்பு. குரல்கள் மட்டும் தெளிவாகக் கேட்டன.

“தாய்மாமன் எங்கப்பா? வந்து மடியக் குடுங்க,” என்றார் ஆசாரி.

“அண்ணன் போன்ல இருக்காங்க,” என்றாள் லட்சுமி.

“போன்ல மடி கிடையாதும்மா.”

வேனில் வந்தவர்கள் சிரித்தார்கள். கூரை மறைந்து இசக்கியின் முகம் வந்தது. நெற்றியில் விபூதி, தோளில் புதுத் துண்டு. “ஏலே, நான் உக்காரட்டா?” என்று கேட்டான். “உக்காருல” என்றேன். சிக்னல் இழுத்து இழுத்து அந்தச் சொல் அங்கே போய்ச் சேருவதற்குள் அவன் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். பிறகு பிள்ளை வீறிட்ட சத்தம் கேட்டது. என் மருமகள் முதல் வலிக்கு யார் மடியில் இருந்து அழுதாளோ, அந்த மடியைத்தான் பார்க்க வேண்டும் என்று போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என் கையில் இருந்த போனைத் திருப்பினால் அங்கே இருக்கிற போன் திரும்புமா?

வெளிநாட்டில் இருப்பவன் விசேஷத்துக்கு வரவில்லை என்றால் லீவு கிடைக்கவில்லை என்று சொல்வதுதான் நம் ஊர் வழக்கம். அம்மாவும் வந்தவர்களிடம் அப்படித்தான் சொன்னாள். ஆனால் எனக்கு லீவு இருந்தது. டிக்கெட்டுக்குத்தான் பணம் இல்லை. இசக்கியும் நானும் ஒரே வீட்டில் ஆளுக்கொரு அறையில் இருப்பவர்கள். ஒரே இல்லத்தில், ஒரே சம்பளத்துக்கு, முதியவர்களைக் குளிப்பாட்டிச் சோறூட்டும் வேலை. கடனும் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆளுக்கு ஆறாயிரம் பவுண்டு. அவன் போனான், நான் போகவில்லை. அது ஏன் என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். என்னைப் போலக் கார்டுகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் தம்பிகள் யாராவது படித்தால் கொஞ்சம் உதவும். மற்றவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

கடன் எப்படி வந்தது என்றால், வராமல் எப்படி இருக்கும் என்றுதான் கேட்க வேண்டும். படிக்க வந்த வருஷம் வாடகை முன்பணம், பிறகு விசா மாற்றிய கட்டணம், அதோடு மருத்துவத்துக்கென்று அரசாங்கம் மொத்தமாக வாங்கிக்கொள்ளும் தொகை, எனக்கு லட்சுமி கல்யாணம், இசக்கிக்கு அவன் அப்பாவின் இதய ஆபரேஷன். ஒரு கார்டு நிறைந்ததும் இன்னொரு கார்டு தபாலில் வந்து விழும். ரொக்கமாக எடுத்தால் எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும் என்பது எடுத்த பிறகுதான் தெரிந்தது. குறைந்தபட்சத் தொகை கட்டினால் போதும் என்று போனில் செய்தி வரும். கட்டுவோம். அடுத்த மாதம் பார்த்தால் கடன் போன மாதம் உட்கார்ந்த இடத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்திருக்கும். ஆளுக்கு மூன்று கார்டு, மூன்று தேதி, மூன்று வட்டி.

எங்கள் இல்லத்து ஊழியர்களுக்கென்று ஒரு கடன் சங்கம் உண்டு. நம் ஊர்க் கூட்டுறவு சொசைட்டி மாதிரிதான், நாற்காலிகள் மட்டும் உடையாமல் இருக்கும். ஒரு தை மாதக் குளிரில் இருவரும் அங்கே போனோம். மார்கரெட் என்று ஒரு அம்மாள், அறுபது வயதிருக்கும். இந்தப் பக்கத்து ஆங்கிலத்தில் பாதிச் சொல்லை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு பேசுவார்கள். எங்கள் கணக்குகளைப் பார்த்துவிட்டு, பரிவாகத் தலையை ஒரு பக்கம் சாய்த்து, உங்களுக்கு நாங்கள் ஒரு ‘கன்சோலேஷன் லோன்’ தரலாம் என்றாள். என் காதில் அப்படித்தான் விழுந்தது.

அந்தச் சொல் எனக்குத் தெரியும். நன்றாகவே தெரியும். தென்காசியில் நாங்கள் படித்த பள்ளியில் ஆண்டு விழா நடக்கும். முதல் பரிசு எவர்சில்வர் குடம், இரண்டாவது தட்டு, மூன்றாவது டம்ளர். அதற்குப் பிறகு, ஓடி மூச்சு வாங்கி நிற்கிறவனை வெறுங்கையோடு அனுப்ப மனம் வராமல் ஒரு பிளாஸ்டிக் சோப்பு டப்பா கொடுப்பார்கள். அதற்குப் பெயர் ஆறுதல் பரிசு. மைக்கில் அதை ஆங்கிலத்திலும் சொல்வார்கள். கன்சோலேஷன் பிரைஸ். இசக்கி வீட்டில் அவன் வாங்கிய குடங்களில் தண்ணீர் பிடித்து வைத்திருப்பார்கள். என் வீட்டில் நான்கு சோப்பு டப்பாக்கள் இருந்தன. பீடி சுற்றும் அம்மா அவற்றில் நூல்கண்டுகளைப் போட்டு வைத்திருந்தாள். இலத்தூரில் எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள் நான். எனவே அவளுக்கு டப்பாவும் குடமும் ஒன்றுதான். வருகிறவர்களிடமெல்லாம் “பள்ளிக்கொடத்துல குடுத்தது” என்று காட்டுவாள். ஒவ்வொன்றின் அடியிலும் ‘ஆறுதல்’ என்று மார்க்கரால் எழுதியிருந்ததை அவளால் வாசிக்க முடியாது. என்னால் முடியும்.

ஆகவே மார்கரெட் அம்மாளிடம் நிமிர்ந்து சொன்னேன். “நோ கன்சோலேஷன், மேடம். ஐ ஆம் நாட் லாஸ்ட் யெட்.” நான் இன்னும் தோற்கவில்லை என்று சொன்னதாக நினைப்பு. நான் ஏதோ வழிதவறவில்லை என்று சொல்வதாக அவள் நினைத்திருக்க வேண்டும். சுவரில் இருந்த வழிகாட்டிப் பலகையை ஒருமுறை பார்த்துவிட்டு, “பிளெஸ் யூ, லவ்” என்றாள். தும்மினவர்களுக்குத்தான் அப்படிச் சொல்வார்கள் என்று படித்திருந்தேன். நான் தும்மவில்லை. பக்கத்து நாற்காலியில் இசக்கி உதட்டைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டான்.

பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும் வெடித்தான். “ஏலே, அது கன்சோலேஷன் இல்லல. கன்சாலிடேஷன். மூணு கடனையும் அவுகளே அடச்சிட்டு ஒண்ணாக்கிருவாவ. ஒரே தவணை, வட்டியும் கம்மி. அதுல ஆறுதலும் கிடையாது, தேறுதலும் கிடையாது.”

“தெரியும்ல,” என்றேன்.

“தெரிஞ்சா எதுக்குல வேண்டாம்ன?”

அந்தக் கேள்விக்கு எனக்கு அவசரமாக ஒரு பதில் தேவைப்பட்டது. தவணை நான்கு வருஷம் என்றார்களே, நீளம் கூடினால் மொத்த வட்டியும் கூடத்தானே செய்யும், நான் கூடுதல் ஷிஃப்ட் பார்த்து ஒன்றரை வருஷத்தில் முடித்துவிடுவேன் என்றேன். பேருந்திலிருந்து இறங்குவதற்குள் கண்டுபிடித்த வாதம்தான். ஆனால் அது சரியான வாதமாகவும் இருந்துவிட்டது. அதுதான் வினை. தப்பான வாதமாக இருந்திருந்தால் மறுநாளே போய் அந்த அம்மாளிடம் கேட்டிருப்பேன். இசக்கி அதற்குள் கதையை இல்லம் முழுவதும் சொல்லியிருந்தான். மலையாளி நர்ஸ் அக்காமார்கூட என்னைக் கண்டால் “எந்தா, ஆறுதல் வேண்டே?” என்று கேட்கத் தொடங்கினார்கள். இனி நான் எப்படி அந்தக் கதவைத் தட்டுவேன்?

அம்மாவும் என் பக்கம்தான். போனில் சொன்னபோது, “கடன வாங்கிக் கடன அடைக்கதா? அதுக்குப் பேரு ரொட்டேஷன்லா ஐயா. நம்ம தெருவுல ரொட்டேஷன் விட்டவுக யாரு மீண்டா?” என்றாள். எங்கள் வீட்டில் பணம் வாரக் கூலியாக வந்தது. அப்பா வாடகை டிராக்டர் ஓட்டினார், அம்மாவுக்குப் பீடிக் கடையில் சனிக்கிழமை கணக்கு. அதே சனிக்கிழமை குழுக் கடன் வசூலிக்கிற ஆளும் வருவான். கடன் என்றால் எங்களுக்குச் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்து உட்காருகிற ஓர் ஆள். எப்படியாவது எழுப்பி வெளியே அனுப்ப வேண்டும். இசக்கியின் அப்பா ஏட்டையா. முதல் தேதி சம்பளம் வரும், வீட்டுக்கடன், பைக் கடன், சொசைட்டி எல்லாம் அதில் பிடித்தம் போய்த்தான் வரும். கடன் அவர்கள் வீட்டில் மின்விசிறி மாதிரி மேலே சுற்றிக்கொண்டிருக்கும், அதன் கீழே அவர்கள் நிம்மதியாகச் சாப்பிடுவார்கள். நான் பொறாமைப்பட்டது அவனுடைய பணத்தைப் பார்த்து இல்லை. அந்த மின்விசிறியைப் பார்த்து.

என்னென்னவற்றுக்கெல்லாம் பொறாமைப்பட்டேன் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். மாதம் பதினைந்தாம் தேதி அவன் போன் ஒரே ஒரு முறை ‘டிங்’ என்னும். அவ்வளவுதான், அந்த மாதத்துக்கு அவன் மனிதன். என் போன் மாதம் முழுக்க மணியடித்தது. அவன் இடைவேளையில் பத்து நிமிஷம் கிடைத்தால் நாற்காலியிலேயே குறட்டை விடுவான். நான் அந்தப் பத்து நிமிஷத்தில் எந்தக் கார்டுக்கு எவ்வளவு என்று பிரித்துக்கொண்டிருப்பேன். வட்டி கூடின கார்டை முதலில் அடைப்பது என்று வைத்திருந்தேன், மாதம் நானூறு பவுண்டுக்கு மேல் கட்டினேன். அவனுக்கு நூற்றெழுபதோடு முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை அவன் மத்தி மீன் வாங்கி வந்து, புளி கரைத்து, பாட்டை முணுமுணுத்துக்கொண்டு குழம்பு வைப்பான். முணுமுணுக்க ஒருவனுக்கு எப்படி முடிகிறது என்று அடுப்பங்கரை வாசலில் நின்று எரிவேன். அவனை வெறுத்தேன் என்று நினைக்க வேண்டாம். அந்தக் குழம்பைத்தான் மூன்று நாள் வைத்துத் தின்றேன்.

இது கடனில் தொடங்கியதும் இல்லை. ஒன்பதாம் வகுப்பில் படிக்கும்போது ஒரு ஆடி மாதம், நல்ல சாரல், பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டுக் குற்றாலம் போனோம். பேரருவியில் வரிசை பாலம் வரை நின்றது. இசக்கியின் அப்பாவுக்கு அங்கே சீசன் டூட்டி. விசிலை வாயில் வைத்தபடியே மகனைப் பார்த்தார், பார்க்காதது மாதிரி வரிசையின் தடுப்புக் கயிற்றைத் தூக்கினார். “வால, குனிஞ்சு வால” என்று இசக்கி என் கையைப் பிடித்து இழுத்தான். நான் கையை உதறிவிட்டு வரிசையில் நின்றேன். அவன் அருவிக்கடியில் போய் நின்று, தலையில் தண்ணீர் அறைய, கண்ணை மூடிக்கொண்டு என் பெயரைச் சொல்லிக் கத்தியது அந்த இரைச்சலிலும் கேட்டது. என் முறை வர இன்னும் ஏழெட்டுப் பேர் இருக்கும்போது தண்ணீர் செம்மண் நிறமாக மாறியது. மலையில் மழை. விசில் ஊதி எல்லோரையும் வெளியேற்றினார்கள். வரிசையில் நின்றவன் காய்ந்த தலையோடும், குனிந்து போனவன் நனைந்த தலையோடும் ஒரே பஸ்ஸில் தென்காசிக்குத் திரும்பினோம். அவன் தலையிலிருந்து சொட்டிய தண்ணீர் என் தோளில் விழுந்துகொண்டிருந்தது. துடைக்கவே இல்லை நான்.

லட்சுமி போன் செய்து, யாழினிக்கு ஆனி மாதம் காது குத்து வைத்திருக்கிறோம், நீ வந்துதான் ஆக வேண்டும் என்றபோது நான் கடனை அடைக்கத் தொடங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை. சீசன் நேரத்துத் திருவனந்தபுரம் விமான டிக்கெட் விலையைப் பார்த்தேன். அதைக் கார்டில் போட்டால் முதல் கார்டு மறுபடி நிறைந்துவிடும். தேதியைத் தள்ள முடியுமா என்றேன். “மொட்டைக்கு வேண்டிக்கிட்டது அண்ணே. ஒரு வயசுலயே எடுக்கணும். தள்ளுனா அவுக வீட்டுல ஒருமாரி பேசுவாக,” என்றாள். பிறகு மெதுவாக, “இசக்கியண்ணன் அப்ப ஊருக்கு வாராங்களாமே,” என்றாள். அவன் எனக்கு முன்பே அவளிடம் சொல்லியிருக்கிறான்.

அன்று இசக்கி என் அறை வாசலில் வந்து நின்றான். “ஏலே, இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. போய்க் கேளு. அந்தம்மா இன்னும் ஒன்னத்தான் விசாரிக்கா, ஒன் பிரெண்டு வழி கண்டுபிடிச்சிட்டானான்னு.” சிரிக்காமல்தான் சொன்னான். மூன்றையும் ஒன்றாக்கினால் மாதம் இருநூறுக்கு மேல் கையில் நிற்கும், ஆனிக்குள் டிக்கெட் போட்டுவிடலாம். நான்கு வருஷம் இழுக்கும், மொத்த வட்டி கூடும், ஆனால் மடி என்னுடையதாக இருக்கும். இவ்வளவும் எனக்குத் தெரியும். “வேண்டாம்ல. என் கணக்கு எனக்குத் தெரியும்,” என்றேன். கயிற்றைத் தூக்கிப் பிடித்திருக்கிறான், குனிய மாட்டேன் என்கிறேன். கம்மல் மட்டும் தென்காசியில் நீயே வாங்கிவிடு, தாய்மாமன் சீராக என் பெயரில் போடு, வந்ததும் தந்துவிடுகிறேன் என்றேன்.

அவன் ஊரிலிருந்து திரும்பி வந்து பெட்டியைத் திறந்தபோது அறை முழுக்க அல்வா வாசனை. நான் முதலில் கேட்டது கம்மல் விலையைத்தான்.

“விடுல, பெறவு பாப்போம்.”

“எவ்வளவுன்னு கேட்டேன்.”

“மடிக்கும் சேத்தா, கம்மலுக்கு மட்டுமா?”

வேடிக்கையாகத்தான் சொன்னான். நான் அன்றைக்கு அல்வாவைத் தொடவில்லை. இருபத்திரண்டாயிரத்து அறுநூறு ரூபாய் என்று லட்சுமியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, மறுநாளே அவன் கணக்குக்கு அனுப்பினேன். அந்த மாதம் இரண்டாவது கார்டுக்குக் குறைந்தபட்சத் தொகைதான் கட்ட முடிந்தது. மீதியை அடுத்த மாதம் இரட்டை ஷிஃப்ட் பார்த்துச் சரிக்கட்டினேன்.

சொன்னபடியே ஒன்றரை வருஷத்தில் முடித்தேன். மூன்றாவது கார்டையும் அடுப்பங்கரைக் கத்தரிக்கோலால் வெட்டியபோது இசக்கி கைதட்டினான். அடுத்த மாதமே, ஆவணியில், டிக்கெட் போட்டு ஊருக்குப் போனேன். குற்றாலத்தில் சீசன் முடியும் நேரம். பேரருவியில் வரிசையே இல்லை, தண்ணீர் நூல் நூலாக விழுந்தது. வேண்டிய மட்டும் நின்று குளித்தேன். பெயர் சொல்லிக் கத்துவதற்குத்தான் எதிரே யாரும் நிற்கவில்லை.

மறுநாள் சுரண்டைக்குப் போனேன். லட்சுமி வீட்டு முன்னறையில், டிவிக்கு மேலே, காது குத்துப் படத்தை ஃபிரேம் போட்டு மாட்டியிருந்தார்கள். புதுத் துண்டு போட்ட இசக்கியின் மடியில் மொட்டைத் தலையோடு யாழினி வாயைப் பிளந்து அழுதுகொண்டிருக்கிறாள். இரண்டு வயது யாழினி இப்போது என் எதிரே நின்றாள், காதில் அந்தக் கம்மல், சுருட்டை முடி.

“ஏட்டி, மாமா எங்க? மாமாவக் காட்டு,” என்றாள் லட்சுமி.

பிள்ளை யோசிக்கவே இல்லை. விரலை நீட்டிப் படத்தைக் காட்டினாள்.

“அது இசக்கி மாமா. இங்கன பாரு, இதுல்லா ஒன் மாமா.”

என்னைப் பார்த்தாள். பொறுமையாக, தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுப்பது மாதிரி, மறுபடியும் படத்தைக் காட்டினாள். தூக்கப் போனேன், லட்சுமியின் சேலைக்குள் ஒளிந்துகொண்டாள். எழுந்து படத்தருகே போய் நின்றேன். ஓரத்தில், சீர்த்தட்டில், வாழைப்பழச் சீப்பின் மேல் அந்தப் போன் சாய்ந்திருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் அதில் முகம் இல்லை. வெள்ளையாக ஒரு சட்டைக் கை மட்டும், பாதி மாட்டியபடி.

அதைப் போனில் படம் பிடித்துக்கொண்டு, கவென்ட்ரிக்குத் திரும்பியதும் இசக்கியிடம் காட்டினேன். விரல்களால் பெரிதாக்கிப் பார்த்தான். “ஏலே, இது யாரு கை, பழத்துக்குப் பக்கத்துல?”

“நாந்தான்.”

அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். “தூக்குனியா பிள்ளய?”

“வரல. ஒன்னத்தான் காட்டுதா.”

அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு அவன் முணுமுணுக்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். “ஒண்ணு சொல்லட்டா,” என்றான். “நீ கார்ட வெட்டுன அன்னைக்கு ராத்திரி எனக்கு ஒறக்கமே இல்ல. ஒனக்குப் பதினஞ்சாந்தேதின்னா வெறும் பதினஞ்சாந்தேதிதாம்ல. எனக்கு இன்னும் ரெண்டு வருசத்துக்கு மேல கெடக்கு. இந்த வேல போனா என்னன்னு ஒவ்வொரு மாசமும் நெனைக்கேன். ஒன்னப் பாத்தா எரியுது, தெரியுமால?”

அதைக் கேட்க எனக்கு இனித்தது, மறைக்க ஒன்றுமில்லை. இத்தனை வருஷத்தில் அவன் என்னைப் பார்த்து எரிந்தது அதுதான் முதல் முறை. ஆனால் இனிப்பு தொண்டை வரைதான் இறங்கியது. படத்தில் இருப்பது அவன் மடிதான். வெட்டிய மூன்று கார்டையும் கொடுத்தாலும் அதை மாற்றிக்கொள்ள முடியாது.

“எனக்கு மொத்தம் வட்டி எவ்வளவு ஆகும்னு சொல்லு, நீதான் கணக்குல புலியாச்சே,” என்றான். சொன்னேன். நான்கு வருஷமும் முடியும்போது அவன் வட்டியாக மட்டும் கட்டியிருப்பது இரண்டாயிரத்து நூற்று அறுபத்திரண்டு பவுண்டு. நான் கட்டி முடித்தது ஆயிரத்து முந்நூற்று அறுபத்து மூன்று. வித்தியாசம் எழுநூற்றுத் தொண்ணூற்றொன்பது, நான் ஜெயித்திருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அது கிட்டத்தட்ட சீசன் நேரத்து விமான டிக்கெட் ஒன்றின் விலை.

“கழிக்காதல,” என்றான் இசக்கி, கரண்டியைத் துடைத்துக்கொண்டே. “ஒண்ணாக்கு. கூட்டிச் சொல்லு.”

கூட்டினேன். மூவாயிரத்து ஐந்நூற்று இருபத்தைந்து பவுண்டு.